சாயத்தொட்டி காட்டிக்கொடுக்கும்... குடிநீர்த் தொட்டி காட்டிக்கொடுக்காது!

ஆரணி என்றதும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்குக் கல்யாண வீடுகளில் தனி மவுசு. ஊரைச் சுற்றி ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். ஆனால் தறியில் ஏறுவதற்கு முன்பே அந்தப் புடவையின் பாதித் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. முடிவு செய்வது தண்ணீர்.

கச்சாப் பட்டு நூல் பளபளப்பாக இருக்காது. பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது இழையோடு சேர்த்து ஒரு பசையையும் கக்குகிறது. நூலின் எடையில் 20 முதல் 25 சதவிகிதம் அந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்தால்தான் பசை கரைந்து, பட்டு பட்டாகும். இந்த இடத்தில் தண்ணீர் கடினமாக இருந்தால் கதை கந்தல். அதிலிருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் திரண்டு நூலில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் சாயம் போட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அரக்கு நிறம் கேட்டவருக்கு ஒரு முழம் அரக்கும் ஒரு முழம் வெளுப்புமாகப் புடவை கொடுக்க முடியுமா? எனவே சாயப்பட்டறைக்காரருக்குத் தண்ணீரின் குணம் அத்துப்படி. ஏதாவது தப்பாகிவிட்டால் சாயத்தொட்டி அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். நஷ்டம் கையில் தெரியும்.

அதே ஊரில், அதே நிலத்தடி நீர் மேல்நிலைத் தொட்டிக்கும் ஏறுகிறது. அங்கே வால்வைத் திறந்து மூடி, பிளீச்சிங் பவுடர் கலக்குகிற டேங்க் ஆபரேட்டருக்கு அந்த வசதி கிடையாது. அவர் கலக்கும் தண்ணீர் சரியாக இருந்தாலும், தப்பாக இருந்தாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். தப்பு தெரியவரும்போது இரண்டு வாரம், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகியிருக்கும். அதுவும் தொட்டியில் தெரியாது, ஆஸ்பத்திரி வார்டில் தெரியும். மஞ்சள் காமாலைக் கிருமி உடம்புக்குள் போய் வெளிப்பட அவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது.

அதனால்தான் அந்த வேலைக்குக் கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. பயப்பட வேண்டாம். காலேஜ் பாடம் இல்லை. சாயப்பட்டறைக்காரர் அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கும் அதே சங்கதிகள்தான்.

பருப்பு வேகாத தண்ணீர்

முதலில் கடினத்தன்மை. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும்பகுதி கருங்கல் பூமி. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் கமண்டல நாகநதி வருஷத்தில் பல மாதம் மணலாகத்தான் கிடக்கும். அப்போது பாறை இடுக்குகளில் தேங்கிய நீரைத்தான் போர் போட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. பாறையோடு அதிக நாள் பழகிய தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருப்பது இயல்பு. வீட்டில் அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பருப்பு சீக்கிரம் வேகாது. தலைக்குக் குளித்தால் முடி சிக்குப் பிடிக்கும். வெந்நீர் அண்டாவின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும்.

ஸ்காட்லாந்தின் தாமஸ் கிளார்க் என்ற வேதியியலாளர் 1840-களில் தண்ணீரின் கடினத்தை அளக்கப் பயன்படுத்தியது வெறும் சோப்புக் கரைசல். நுரை நிற்க எத்தனை சொட்டு சோப்பு செலவாகிறதோ அதுதான் அளவு. சோப்பைத் தின்னும் தண்ணீர் கடினத் தண்ணீர். பட்டு அவிக்கிற கொப்பரையில் தினமும் நடக்கிற சங்கதியும் அதே கணக்குத்தான்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீருக்கான தரப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லாத ஊரில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்த வரம்புக்குள் இருக்கும் கடினத் தண்ணீரால் துணிக்கும் குழாய்க்கும்தான் தொல்லை அதிகம், ஆளுக்கு அல்ல. கால்சியம் எலும்புக்கு எதிரி இல்லையே!

பட்டுக்கும் படிகாரம், தண்ணீருக்கும் படிகாரம்

ரசாயனச் சாயங்கள் வருவதற்கு முந்தைய காலத்தில், சாயம் நூலைவிட்டுப் போகாமல் இருக்கப் படிகாரத்தில் முக்கி எடுப்பார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். இயற்கைச் சாயம் போடுகிறவர்கள் இன்றைக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களிலும் அதே அலுமினியம்தான் வேலை பார்க்கிறது. வீட்டில் இருக்கும் படிகாரத்தில் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும். நிலையத்தில் கொட்டுவது அலுமினியம் சல்பேட். அங்கே அதற்கு 'ஆலம்' என்று பெயர். கலங்கல் நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் நாள் கணக்கில் வைத்தாலும் அடியில் தங்காது. ஆலம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்து, பஞ்சுபோன்ற திரளாக மாறி, துகள்களை வாரிக்கொண்டு கீழே இறங்கும். நம் பாட்டிமார் பானையின் உட்புறம் தேற்றான்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைத்ததும் இதே இனம்தான். துகள்களை ஒன்றுசேர்த்து இறக்கும் பொருள் அந்தக் கொட்டையிலும் இருக்கிறது.

பல பேர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. ஆலம் ஓர் அமிலத்தன்மையுள்ள பொருள். அது திரளாக வேண்டுமானால் தண்ணீரில் காரத்தன்மை, அதாவது பைகார்பனேட், கையிருப்பு இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் ஆலம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். சாதாரண நாளில் ஆற்று நீரில் காரத்தன்மை தாராளமாக இருப்பதால் பிரச்னை தெரியாது. மழை வெள்ளத்தில் வருவது பெரும்பாலும் மழை நீர். சேறு அதிகம், காரத்தன்மை குறைவு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் மட்டுமே இருக்கிறது என்று வையுங்கள். ஆபரேட்டர் 50 மில்லிகிராம் ஆலம் போடுகிறார். அதற்கு 25 வேண்டும். காரத்தன்மை காலி. பி.ஹெச். சரசரவென இறங்கும், திரள் உருவாகாது, தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். 'இன்னும் கலங்கலாத்தானே இருக்கு' என்று அவர் மேலும் ஒரு மூட்டை ஆலம் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். கரைந்த அலுமினியம் வடிகட்டியையும் தாண்டிக் குழாய்க்கு வரும். அந்த நேரத்தில் போட வேண்டியது ஆலம் அல்ல, சுண்ணாம்பு.

இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஜார் சோதனை. ஆறு கண்ணாடிக் குவளைகளில் அதே ஆற்று நீர், ஆறு வேறு வேறு அளவு ஆலம். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, இருபது நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட வேண்டும். எந்தக் குவளை குறைந்த ஆலத்தில் நன்றாகத் தெளிந்ததோ அதுவே அன்றைய அளவு. நேற்றைய அளவு இன்றைக்கு ஆகாது. செம்பரம்பாக்கம்போல நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் அளவுக்குக் கட்டப்பட்ட நிலையமானாலும், சின்னப் பேரூராட்சி நிலையமானாலும் பாடம் ஒன்றுதான்.

ஆலம் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1988 ஜூலை 6 அன்று, கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்டு அருகே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் வந்த 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலை, இடம் தெரியாத மாற்று டிரைவர் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். அது சுமார் 20,000 பேர் குடிக்கும் தண்ணீர். அமிலமாகிப்போன நீர் வீட்டுச் செம்புக் குழாய்களையும் அரித்துக்கொண்டு வந்தது. சிலருக்குத் தலைமுடி பச்சையானதாகக்கூடச் சொன்னார்கள். ஒரு மூடிக்குப் பூட்டும் ஒரு பெயர்ப்பலகையும் இருந்திருந்தால் போதும்.

எட்டாம் நம்பரில் சோர்ந்துபோகும் குளோரின்

பி.ஹெச். என்பது நீரின் அமில, காரக் கணக்கு. 1909-ல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்த சோரன்சன், டென்மார்க்கில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். குடிநீருக்கு அது 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். 7-க்கும் 8-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

இது ஏன் முக்கியம்? குளோரின் தண்ணீரில் கரைந்ததும் இரண்டு உருவம் எடுக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். கிருமியின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற சூரன். மற்றது ஹைப்போகுளோரைட், பேருக்கு குளோரின், வேகமெல்லாம் மிக மிகக் குறைவு. பி.ஹெச். 7 ஆக இருந்தால் நாம் போட்டதில் முக்கால் பங்கு சூரன். 7.5-ல் பாதி. 8-ல் கால் பங்கு. 8.5-ல் பத்தில் ஒன்றுதான். போர்த் தண்ணீர் பல ஊர்களில் 8-ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே பக்கத்து ஊர் அளவை அப்படியே காப்பியடித்தால், அங்கே சாகிற கிருமி இங்கே பிழைத்துக்கொள்ளும்.

அடுத்தது அளவு. பல இடங்களில் 'ஒரு மக்கு', 'ரெண்டு கை' என்றுதான் இன்னும் கணக்கு ஓடுகிறது. சரியான கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தொட்டி ஒரு லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால், மொத்தம் 200 கிராம். ஆனால் பிளீச்சிங் பவுடர் முழுவதும் குளோரின் இல்லை. புது மூட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இருக்கும். 25 சதவிகிதம் என்று வைத்தால் 800 கிராம் பவுடர். அதே மூட்டை வாய் திறந்தபடி, தகரக் கூரையின் கீழே, ஒரு வெயில் காலத்தைக் கடந்து பாதி வீரியத்தை இழந்துவிட்டது என்றால்? அதே 200 கிராமுக்கு 1,600 கிராம் தேவை. பவுடர் இருக்கிற அறைக்குள் நுழைந்ததும் குப்பென்று வாசனை தூக்கினால், 'நல்ல ஸ்ட்ராங்கான சரக்கு' என்று சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீருக்குப் போக வேண்டியது காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டுவதும் வீண். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த கரைசலை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளோரின் கிருமியோடு பேசி முடிக்க அவ்வளவு நேரம் ஆகும். தெருவில் குடங்கள் வரிசை கட்டி நிற்கும்போது அந்த அரை மணி நேரம் ஆபரேட்டருக்கு அரை நாளாகத் தெரியும் என்பது உண்மைதான்.

"என்ன தம்பி, இன்னைக்குத் தண்ணியில ஒரே மருந்து நாத்தம்?" என்று கேட்காத தெரு இல்லை. மறுநாள் ஆபரேட்டர் பவுடரைக் குறைப்பார். வேதியியல் இங்கே ஒரு வேடிக்கை காட்டுகிறது. நாற்றம் அதிகமாவதற்கு, பல சமயம், குளோரின் போதாமல் இருப்பதே காரணம். சாக்கடை நீர் கசிந்து தண்ணீரில் அம்மோனியா கலந்திருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். மூக்கைத் துளைக்கும், கிருமியைத் துளைக்காது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனைத் தீர்த்துக்கட்ட 8 முதல் 10 மில்லிகிராம் குளோரின் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு போடுவதுதான் காவலுக்கு மிஞ்சும். திடீரென்று நாற்றம் கூடினால், பவுடரில் கை வைப்பதற்கு முன் குழாய் எங்கே சாக்கடையைத் தொடுகிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

போட்டது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு?

1955 நவம்பரில் யமுனை ஆற்றின் போக்கு மாறியதில், டெல்லியின் நஜஃப்கர் வாய்க்கால் சாக்கடை, வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. நிலையத்தில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆலத்தையும் கூட்டினார்கள், குளோரினையும் கூட்டினார்கள். அதனால் டைஃபாய்டு, சீதபேதி போன்றவை பெருகவில்லை. ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை! பாக்டீரியாவைக் கொன்ற அளவு வைரஸுக்குப் போதவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பாதுகாத்துவைத்திருந்த அன்றைய ரத்த மாதிரிகளை ஆராய்ந்தவர்கள், அது அதுவரை அறியப்பட்டிருந்த ஏ, பி இரண்டு வகையுமே இல்லை என்று கண்டார்கள். இன்று அதன் பெயர் ஹெபடைடிஸ் இ. கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து விளைவிக்கும் வகை. நமது குடிநீர்த் தரத்தில், குழாய் நீரில் மிஞ்சியிருக்க வேண்டிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்றும், வைரஸிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5 என்றும் இரண்டு எண்கள் இருப்பது சும்மா இல்லை.

கனடாவின் வாக்கர்ட்டன் சிற்றூரில் நடந்தது வேறு விதம். அங்கே குளோரின் கருவி எல்லாம் இருந்தது. அளக்கிற வேலைதான் நடக்கவில்லை. தினசரிப் பதிவேட்டில் 0.5, 0.75 என்று அளக்காமலேயே எழுதிவந்தார்கள். 2000 மே மாதம் பெருமழை பெய்து, பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணம் ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. போட்ட கொஞ்ச குளோரினையும் அந்த அழுக்கே தின்றுவிட்டது. மிச்சம் எதுவும் இல்லை என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். போட்டது எவ்வளவு என்பது ஆபரேட்டரின் கணக்கு. மிஞ்சியது எவ்வளவு என்பது தண்ணீரின் கணக்கு. இரண்டும் ஒன்று என்று நினைத்ததுதான் அந்த ஊரின் துயரம்.

மீட்டர் காட்டும் வித்தை

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வாட்டர் ஃபில்டர் விற்க வருகிறவர்கள் சிலர், இரண்டு ஜோடிக் கம்பிகள் வைத்த ஒரு கருவியைக் குழாய்த் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். 'பார்த்தீங்களாக்கா, இதைத்தான் குழந்தைக்குக் குடுக்குறீங்க' என்பார்கள். அந்தச் செம்மண் தண்ணீரில் இருந்ததல்ல, கரைந்துவந்த இரும்புக் கம்பி! ஃபில்டர் நீரில் உப்பு குறைவு, கரண்ட் பாயாது, அதனால் நிறம் மாறாது. அவ்வளவுதான் மர்மம்.

டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பைத்தான் சொல்லும். 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை என்பது தரம். மீட்டர் 150 காட்டுகிற தண்ணீரில் காலராக் கிருமி நீந்திக்கொண்டிருக்கலாம். 700 காட்டுகிற தண்ணீர் கிருமி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஆபரேட்டருக்கு அந்த மீட்டர் உபயோகமானது. ஒரே போரில் மாதாமாதம் எழுதிவைத்தால், உப்பு ஏறுவதை முன்கூட்டியே காட்டும். சாயத்தொழில் உள்ள ஊர்களில் இது அவசியம். பட்டுக்குப் போடும் அமிலச் சாயங்களுக்கு, பருத்திச் சாயத்தைப்போல மூட்டை மூட்டையாக உப்பு தேவைப்படாது. ஆனால் கழிவு கழிவுதான். நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனதை நெசவு ஊர்கள் மறந்துவிட முடியாது.

மீட்டரும் காட்டாத, நாக்கும் காட்டாத ஒன்று ஃப்ளோரைடு. இந்தியாவில் அதன் எலும்பு பாதிப்பு முதலில் பதிவானது 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, 1.5-க்கு மேல் கூடாது. மீறினால் பல்லில் பழுப்புக் கறை, பிறகு வளையாத முதுகு. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோனதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறார்கள். பெட்டியில் இருக்கிற மிக எளிய சோதனை குளோரின்தான். கண்ணாடிக் குழாயில் கோடு வரை தண்ணீர், சில சொட்டு ஆர்த்தோடொலுடின், மஞ்சள் நிறம். உடனே, பத்து விநாடிக்குள் படிக்க வேண்டும். தாமதித்தால் குளோரமினும் மஞ்சளாகி ஏமாற்றும். ஆர்த்தோடொலுடின் உடலுக்கு ஆகாதது என்பதால் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. மாத்திரை கிடைத்தால் அதுவே மேல்.

எங்கே சோதிப்பது? தொட்டிக்கு அடியில் இருக்கிற குழாயில் சோதித்தால் எப்போதும் பாஸ்தான். அங்கிருந்து கிளம்பிய தண்ணீர், பழைய குழாயின் துருவையும் பாசியையும் கடந்து, சாக்கடையோரக் கசிவுகளைத் தாண்டி, கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்குப் போகும்போது குளோரின் தேய்ந்துகொண்டே வரும். காலையில் முதல் குடம் பிடிப்பதற்கு முன், அந்தக் கடைசி வீட்டுக் குழாயில் ஒரு சோதனைக் குழாய் தண்ணீர் பிடிக்க வேண்டும். 0.2-க்கான மஞ்சள் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பார்த்த எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் அதையும் பூஜ்யம் என்றே எழுதிவிட்டு, தொட்டிக்குத் திரும்ப வேண்டும்.